யானைக் கணக்கில் விடுபட்ட ஒரு வரிசை

நீண்ட பதிவு. காட்டுயிர் ஆய்வில் இருக்கும் நண்பர்களோடும், என்னைப்போல் மொழித்துறையில் இருந்துகொண்டு ‘மரபணு’ என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்கும் நண்பர்களோடும் ஒருசேர முரண்படுவதற்காக எழுதியது. பொறுமையுள்ளோர் முழுதும் வாசித்துவிட்டு மறுக்கவும்.

2025 அக்டோபரில் நாடு தழுவிய யானைக் கணக்கெடுப்பின் முடிவு வெளியானது. இந்திய வனவிலங்கு நிறுவனம் நடத்திய இந்தக் கணக்கெடுப்பில்தான், யானையின் இலத்தியிலிருந்து எடுத்த மரபணுவைக் கொண்டு நாடு முழுவதும் முதன்முறையாக எண்ணினார்கள். திரட்டிய இலத்தி மாதிரிகள் 21,056. அவற்றிலிருந்து தனித்தனி உயிர்களாக அடையாளம் காணப்பட்ட யானைகள் 4,065. இவற்றை அடிப்படையாக வைத்துப் புள்ளியியல் முறையில் மதிப்பிட்ட மொத்தம் 22,446.

முடிவு வந்ததும் இரு மாநிலத்து நண்பர்களும் ஒரே அட்டவணையைப் பகிர்ந்தனர். கர்நாடகம் 6,013. அசாம் 4,159. தமிழ்நாடு 3,136. கேரளம் 2,785. தமிழ்நாட்டு நண்பர்கள் கேரளத்தை முந்திவிட்டதாக மகிழ்ந்தனர். கேரள நண்பர்கள் காட்டின் பரப்பைக் காட்டி விகிதக் கணக்கில் வென்றனர். பல்கலைக்கழகத்தில் ஆய்வுமுறையியல் கற்றவர்கள்கூட அந்த அட்டவணையின் இடப்பக்க நிரலை ஐயுறவில்லை. அங்கே ஏன் மாநிலப் பெயர்கள் இருக்க வேண்டும்?

என் வாதம் இதுதான். அட்டவணையின் எண்களோடு எனக்கு வழக்கில்லை. அதன் வரிசைகளோடுதான் வழக்கு. எந்த மரபணுவைக் கொண்டு எண்ணினார்களோ அதே மரபணு, தென்னிந்திய யானைகள் எந்தெந்தக் கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றன என்பதையும் சொல்லிவிட்டது. அப்பிரிவுகளுள் ஒன்று செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைத் தொடரில் வாழ்கிறது. நாட்டின் யானைகளுள் மிகுந்த கவலைக்குரியவற்றுள் அதுவும் ஒன்று. அதற்கென்று நாம் பகிர்ந்த அட்டவணையில் ஒரு வரிசை இல்லை. அதன் ஒரு பகுதி தமிழ்நாட்டின் 3,136க்குள்ளும் மறுபகுதி கேரளத்தின் 2,785க்குள்ளும் கரைந்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கான மொத்தம் 11,934 என்ற எண்ணைப் பார்த்தாலும் அதே கதைதான். அங்கே அது இன்னும் ஆழமாகக் கரைந்திருக்கிறது. விரிவான பக்கங்களில் காடுவாரியான செய்திகள் கிடைக்கலாம். ஆனால் பொதுஅறிவாக மாறுவது தலைப்பில் நிற்கும் அட்டவணை. ஓர் உயிர்க்கூட்டம் அழியும் முன்பே கணக்கேட்டில் காணாமற்போக அது போதும்.

நான் உயிரியலாளர் இல்லை. முதுகலையில் மொழியியல் பயின்றேன். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களின் பேச்சுவழக்கு என் முனைவர்பட்ட ஆய்வுப்பொருள். களியக்காவிளையிலிருந்து வெள்ளறடை, அம்பூரி வரை எல்லையின் இருபுறமும் சொற்களைத் திரட்டுவது என் வேலை. அந்த வேலை ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது: அரசு போட்ட கோட்டையும் தரவு காட்டும் கோட்டையும் ஒன்றென எண்ணக்கூடாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் பள்ளியும் பலகையும் வேறாயின. பேச்சு அவ்வாறு வெட்டுப்படவில்லை. விளவங்கோட்டுக்காரர் ‘ஆனை’ என்பார். பாறசாலைக்காரர் ‘ஆன’ என்பார். ‘யானை’ என்பது இரு பக்கத்திலும் ஏட்டுச்சொல்தான். பலாப்பழம் இருவர்க்கும் சக்கைதான். வட்டார வழக்கு ஆராய்பவர் வரைபடத்தில் கோடு இழுப்பதற்குமுன் ஒவ்வோர் ஊராகப் போய்க் கேட்கிறார். யானையின் கோட்டை மட்டும் ஏன் கேட்காமலே மாநில எல்லையில் இழுக்கிறோம்?

‘கேட்பது’ என்றால் யானை ஆய்வில் என்ன பொருள்? மரபணுக் குறிப்பான் என்பதை மொழித்துறையினர் புரிந்துகொள்ளுமாறு சொல்லிப் பார்க்கிறேன்.

யானையின் குடலுட்சுவர்ச் செல்கள் இலத்தியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வெளியே வருகின்றன. யானையைத் தொடாமலே, பார்க்காமலே, அதன் மரபணு கைக்குக் கிடைக்கிறது. ஆய்வகத்தில் முதலில் பார்ப்பவற்றுள் ஒன்று மைக்ரோசாட்டிலைட். தயவுசெய்து இதை ‘நுண்துணைக்கோள்’ என்று பெயர்க்காதீர்கள். அதற்கும் வானத்துக்கும் உறவில்லை. மரபணு எழுத்துகள் இரண்டோ மூன்றோ நான்கோ சேர்ந்த ஒரு சிறு துணுக்கு, அடுத்தடுத்துப் பலமுறை வரும் இடம் அது. இரட்டைக்கிளவியின் உறுப்பைப்போல் தனித்தால் பொருள் தராத துணுக்கு. அடுக்குத்தொடரைப்போல் இரண்டுக்கு மேலும் அடுக்கி வருவது. ஒரு யானைக்கு ஓரிடத்தில் பன்னிரண்டு முறை அடுக்கியிருக்கும். இன்னொன்றுக்குப் பதினைந்து முறை. இப்படிப் பல இடங்களில் எண்ணிச் சேர்த்தால் ஒவ்வோர் யானைக்கும் தனி அடையாளம் கிடைத்துவிடும். நூற்றுக்கணக்கான யானைகளின் அடையாளங்களை ஒப்பிட்டால், எந்தெந்தக் காட்டு யானைகள் தலைமுறை தலைமுறையாகக் கூடி வந்தன, எவை பிரிந்து நின்றன என்பது தெரியும்.

இரண்டாவது குறிப்பான் மைட்டோகாண்டிரியாவின் மரபணு. அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. இந்த வட்டாரத்தாருக்கு இதை விளக்கவே வேண்டாம். மருமக்கத்தாயத்தில் தறவாட்டுப் பெயர் இறங்கிய வழிதான் அது. ஆண் அப்பெயரைச் சுமப்பான், தன் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டான். கவிமணி மருமக்கள்வழி மான்மியம் எழுதிய மண்ணில் இந்த உவமை எளிதில் விளங்கும். யானைக் கூட்டத்தில் பெண்கள் தாயோடு தங்குகின்றன. ஆண்கள் பருவமெய்தியதும் பிரிந்து அலைகின்றன. ஆகவே தாய்வழிக் குறிப்பான் பெண்கள் எங்கே தங்கின என்பதைச் சொல்கிறது. ஆண்கள் எங்கெல்லாம் சென்று கலந்தன என்பதை அறிய மைக்ரோசாட்டிலைட் முதலிய உட்கருக் குறிப்பான்கள் வேண்டும். மூன்றாவதாக, இப்போது முழு மரபணுத் தொகையையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் வசதி வந்துவிட்டது.

இக்கருவிகள் தென்னிந்தியாவில் கண்டவை என்ன? வித்யா, பெர்னாண்டோ, மெல்னிக், சுகுமார் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, கட்டற்று வாழும் ஆசிய யானைகளைப் பற்றிய முதல் மரபணுத் திரளாய்வு. நீலகிரி–கிழக்குத்தொடர் யானைகள் உலகிலேயே மிகப்பெரிய ஆசிய யானைக் கூட்டம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் தாய்வழிக் குறிப்பான் ஒரே ஒரு வகைதான் கிடைத்தது. ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீட்டருக்குள் ஊருக்கு ஊர் வேறுபாடே இல்லை எனலாம். ஆனால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டியதும், சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளிக்கு அப்பால், ஆனைமலை யானைகள் இருவகைக் குறிப்பான்களிலும் வேறாக நின்றன. ஆனைமலைக்கும் பெரியாற்றுக்கும் இடையே வேறுபாடு இல்லை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்ற மூன்று பெயர்களில் எதுவும் இந்த வரைபடத்தில் தென்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2024இல் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன், இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமார் உள்ளிட்டோர் 34 யானைகளின் முழு மரபணுத் தொகையைப் படித்து வெளியிட்ட ஆய்வு இன்னும் தெற்கே வந்தது. இந்திய யானைகள் ஐந்து பிரிவுகளாகத் தெரிந்தன: வடக்கில் ஒன்று, நடு இந்தியாவில் ஒன்று, தெற்கில் மூன்று. தெற்கின் மூன்றும் இவை: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக்கும் இடையே, செங்கோட்டைக்குத் தெற்கே. வடக்கிலிருந்து தெற்கே படிப்படியாகக் குடியேறி வந்ததற்கான தடயமும், வரவரப் பல்வகைமை குறைந்ததும் அந்த மரபணுவில் எழுதியிருக்கின்றன.

அவ்வாய்வின் ஒரு கணக்கை மட்டும் இங்கே எடுத்துச் சொல்ல வேண்டும். தாயிடமிருந்து வந்த பிரதியும் தந்தையிடமிருந்து வந்த பிரதியும் நெடுந்தொலைவுக்கு எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருந்தால், பெற்றோர் இருவரும் நெருங்கிய உறவு என்று பொருள். இத்தகைய நீண்ட பகுதிகள் வடக்கு யானைகளின் மரபணுத் தொகையில் சுமார் 9 விழுக்காடு. பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக்கும் இடையே 25. செங்கோட்டைக்குத் தெற்கே 17. தீங்கான மரபணு வடிவங்கள் சில, தெற்கே வரும் வழியில் கழிந்துபோயிருக்கின்றன. எஞ்சியவை இரு பிரதிகளிலும் ஒன்றாகவே அமர்ந்துள்ளன. ஒரு பிரதியின் பழுதை மறு பிரதி ஈடுசெய்யும் வாய்ப்பு குறைகிறது. ஆகவே இவ்விரு தென்பிரிவுகளையும் காப்பில் முதன்மை பெற வேண்டியவை என்று அவ்வாய்வாளர்கள் குறித்தனர்.

இந்த மரபணு வரைபடத்தின் மேல் நம் நிர்வாக வரைபடத்தை வைத்துப் பாருங்கள். செங்கோட்டைக்குத் தெற்கே உள்ள காட்டின் நடுவே மலைமுகடு ஓடுகிறது. கிழக்கே களக்காடு–முண்டந்துறை, தெற்கே கன்னியாகுமரி காட்டுயிர் சரணாலயம், மேற்கே நெய்யாறு, பேப்பாறை, செந்தூருணி. யானைக்கு இது ஒரே வீடு. அரசுக்கு இரண்டு வனத்துறைகள், இரண்டு தலைமைக் காட்டுயிர்க் காப்பாளர்கள், இரண்டு கணக்குகள். தமிழ்நாடு 2022 ஆகஸ்டில் 1,197 சதுர கிலோமீட்டரில் அகத்தியமலை யானைகள் காப்பகத்தை அறிவித்தது, வரவேற்கத்தக்கது. அது மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. கேரளத்தின் நான்கு யானைக் காப்பகங்கள் வயநாடு, நிலம்பூர், ஆனமுடி, பெரியாறு. அகத்தியமலையின் பெயரில் ஒன்றில்லை. நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வரவேண்டிய தண்ணீருக்காக இரு மாநிலங்களும் பல்லாண்டாக வழக்காடுகின்றன. அந்த ஆற்றின் தலைமாட்டில் வாழும் யானைகளைப் பற்றி வழக்காடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

எல்லை இல்லாத இடத்தில் எல்லை போட்ட நாம், எல்லை இருக்கும் இடத்தை அறியாமல் கடந்தும் இருக்கிறோம். அரிக்கொம்பன் வரலாறு அதுதான்.

2023 ஏப்ரல் 29 அன்று இடுக்கி சின்னக்கானலில் கேரள வனத்துறை அந்த ஆண்யானையை மயக்க ஊசி செலுத்திப் பிடித்தது. அதற்குமுன் உயர்நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு பறம்பிக்குளத்தைப் பரிந்துரைத்தது. அங்குள்ள மக்கள் எதிர்த்தனர். யானை பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. மே 27 அன்று அது கம்பம் நகருக்குள் ஓடியது. அன்று காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை மீண்டும் மயக்கி, லாரியில் ஏற்றி, தெற்கே கொண்டுவந்து, கோதையாற்றுக்கு மேலே முத்துக்குழிக் காட்டில் விட்டது. முகட்டுக்கு அப்பால் நெய்யாறு.

சின்னக்கானல், பறம்பிக்குளம், பெரியாறு மூன்றும் பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக்கும் இடையே உள்ளவை. அதுவரை பேசப்பட்ட இடங்கள் எல்லாம் ஒரே மரபணுப் பிரிவுக்குள் அமைந்தவை. ஜூன் மாதம் அந்த லாரி கடந்ததுதான் மெய்யான எல்லை. அன்று நடந்த பொதுவிவாதத்தில் நான் கேட்டவை: யானை அரிசி தேடி ஊருக்குள் வருமா, ரேடியோ கழுத்துப்பட்டை வேலை செய்கிறதா, அடுத்து எந்த மாநிலம் பொறுப்பு. மூன்றும் நியாயமான கேள்விகள். ஓர் ஆண்யானை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குள், அதுவும் மிகச் சிறிய இனப்பெருக்கத் தொகை கொண்ட ஒன்றுக்குள், கொண்டுசெல்லப்படுகிறது என்பது கேள்வியாகவே எழவில்லை.

2023இல் 2024ஆம் ஆண்டின் ஆய்வு வெளிவந்திருக்கவில்லை. அதை மறைத்து அன்றைய அதிகாரிகளைக் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. ஆண்யானையைக் கொண்டுவந்ததே தீமை என்றும் நான் சொல்லவில்லை. நெருங்கிய உறவுக்குள் இனம்பெருக்கும் சிறு கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆண் வருவது நன்மையாகவும் முடியலாம்; காட்டுயிர்க் காப்பில் அதற்கு ‘மரபணு மீட்பு’ என்றே பெயர் உண்டு. ஆனால் வந்த யானை புறப்பட்ட பிரிவு, இதைவிடவும் உள்ளுறவு மிகுந்தது, 25 விழுக்காடு. இரு பிரிவுகளிலும் படிந்திருக்கும் பழுதுகள் வெவ்வேறானால் கலப்பு உதவும், ஒன்றேயானால் உதவாது. இதற்கு விடை அந்த யானையின் குருதியிலும், அகத்தியமலை இலத்தி மாதிரிகளிலும் இருக்கிறது. அதன் பிள்ளைகள் இங்கே பிறந்தால் தாய்வழிக் குறிப்பானில் ஒரு தடயமும் இராது. உட்கருக் குறிப்பான்களை இப்போதே பதிந்து வைத்தால்தான் இருபதாண்டு கழித்து யாரேனும் ஒப்பிட முடியும். 2024க்குப் பிறகும் இரு மாநிலங்களின் பொதுவிவாதத்தில் இந்தப் பேச்சு எழவில்லை. குற்றச்சாட்டு அங்கே தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2024ஆம் ஆண்டின் வளர்ப்பு யானை இடமாற்ற விதிகளின்படி, ஒருவர் தம் யானையை இன்னொருவர்க்கு மாற்றித்தர வேண்டுமானால், அதன் மரபணு விவரம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மின்னணுப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். நெய்யாற்றின்கரைத் திருவிழாவுக்கு வரும் கொம்பன் கைமாறினால் அரசுக்கு அதன் மரபணு தேவைப்படுகிறது. காட்டு யானையைப் பிடிக்க வழிசெய்யும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், பிடித்ததை எந்தப் பிரிவின் காட்டில் விடுகிறீர்கள் என்ற வினாவே இல்லை. உடைமையாக இருக்கும் யானைக்கு மரபணுச் சான்று. இனத்தைப் பெருக்கும் யானைக்கு ஒன்றுமில்லை. இந்த முரணைச் சட்டத்துறை மாணவர்கள் யாரேனும் எடுத்து எழுத வேண்டுகிறேன்.

இனி மறுப்புகள்.

முதல் மறுப்பு: ‘மலையடிவாரத்தில் உயிர்போகும்போது மரபணு பேசுவது ஆய்வாளர்களின் ஆடம்பரம்.’ அம்பூரியிலும் வெள்ளறடையிலும் நான் பேசிய ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள் இதைச் சொன்னால் நான் வாய்மூடிக் கேட்பேன். விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அவர்கள். நகரத்தில் இருந்துகொண்டு அவர்கள் பெயரால் இதைச் சொல்பவர்களுக்கு என் விடை இது. யானையைப் பிடிப்பதா வேண்டாமா என்பதை மரபணு தீர்மானிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பிடித்தபின் எங்கே விடுவது என்பதில்தான் அது பேச வேண்டும். மயங்கி நிற்கும் யானையிடம் சிறிது குருதி எடுப்பதால் யாருடைய பாதுகாப்பும் தாமதமாகாது. இன்னொன்றும் உண்டு: அறியாத காட்டில் விடப்பட்ட யானை ஊரைத் தேடி வந்தால் முதலில் அஞ்ச வேண்டியவர்களும் இதே தொழிலாளர்கள்தான். ‘எந்தக் காடு’ என்ற கேள்வியைச் சரியாகக் கேட்பதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

இரண்டாம் மறுப்பு: ‘நாட்டுக்கே 34 மரபணுத் தொகைகள், செங்கோட்டைக்குத் தெற்கே சில யானைகள்தான், அதை வைத்துக் கொள்கை வகுக்கலாமா?’ ஆய்வுமுறை நோக்கில் வலுவான மறுப்பு. முழு மரபணுத் தொகையில் ஒவ்வோர் யானையும் கோடிக்கணக்கான எழுத்துகளைத் தருவதால் சில யானைகளே நெடுவரலாற்றைச் சொல்லிவிடும் என்பது ஒரு விடை. அதனால் எல்லா ஐயமும் தீராது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் தரவு போதாது என்றால் தரவைத் திரட்ட வேண்டும். இலத்தி மாதிரிகள் ஏற்கெனவே திரட்டப்பட்டு, தனி யானைகள் அடையாளம் காணப்பட்டுவிட்டன. அவற்றைக் கணவாய்வாரியாகப் பிரித்துப் பார்க்கப் புதிதாகக் காடு ஏற வேண்டியதில்லை. ‘போதாது’ என்று சொல்லிக்கொண்டே மாநிலவாரி அட்டவணையைப் பகிர்வதுதான் வேடிக்கை. மாநில எல்லை யானைகளைப் பிரிக்கிறது என்பதற்குத் தரவு ஒன்றுகூட இல்லையே!

இதே மறுப்பின் இன்னொரு வடிவம்: ‘கணவாய் ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமை, நாம் செய்தது ஒன்றுமில்லை.’ பழமை என்பது மெய். ஆனால் குறிப்பான் என்பது நேற்றைய செய்தித்தாள் இல்லை. யானையின் ஒரு தலைமுறை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு. கொல்லம்–செங்கோட்டை ரயில் 1904இல் வந்தது. அகலப்பாதை 2018இல் முடிந்தது. நெடுஞ்சாலையும் ரப்பர்த் தோட்டங்களும் ஆரியங்காவுக் கணவாயை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இவையனைத்தும் நான்கைந்து தலைமுறைக்குள் அடங்கிவிடும். அவற்றின் தழும்பு மரபணுவில் தெளிவாகத் தெரியச் சில தலைமுறை ஆகும். தெரியட்டும் என்று காத்திருந்தால், தெரியும்போது செய்வதற்கு ஒன்றும் இராது. 1956இல் போட்ட கோடு இன்னும் இரண்டு மொழிகளை உண்டாக்கவில்லை என்பதைக் காட்டி, பள்ளியில் மொழி மாறியதால் விளைவே இல்லை என்று எந்த மொழியியலாளரேனும் சொல்வாரா?

மூன்றாம் தரப்பு என் துறையினர். இவர்கள் மறுக்கவில்லை, மகிழ்ச்சியோடு தழுவிக்கொள்கிறார்கள். அதுதான் எனக்கு அச்சம். ‘தெற்கு யானை தனி இனம்’, ‘தூய மரபு’, ‘வந்தேறி அரிக்கொம்பன்’ என்ற சொற்களைக் கருத்தரங்குகளிலும் குழுக்களிலும் கேட்டுவிட்டேன். நாளிதழ் ‘பாப்புலேஷன்’ என்ற சொல்லை ‘இனம்’ என்று பெயர்க்கிறது; தமிழில் ‘இனம்’ என்றால் சாதிவரை இறங்கும். அதனால்தான் இப்பதிவில் ‘பிரிவு’, ‘கூட்டம்’, ‘திரள்’ என்று மட்டும் எழுதினேன். மைக்ரோசாட்டிலைட் யானையின் நிறத்தையோ வீரத்தையோ தீர்மானிப்பதில்லை; பொருளற்ற அடுக்கு அது. அதில் காணும் வேற்றுமை, இரண்டு கூட்டங்கள் எவ்வளவு காலம் சந்திக்காமல் இருந்தன என்பதன் அளவு. அவ்வளவே. அகத்தியமலை யானைகள் தனித்திருப்பது அவற்றின் பெருமை இல்லை, இடர். ‘தூய்மை’ என்று நாம் கொண்டாடுவதை மரபணுவியல் ‘உள்ளுறவு’ என்று எழுதி 17 விழுக்காடு என்று அளக்கிறது. மனிதர் விஷயத்தில் மரபணுவைக் காட்டித் தூய்மை பேசுபவர்களை மறுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாம், யானை விஷயத்தில் அதே பேச்சைப் பேசக் கூசவில்லை.

இன்னொரு நினைவூட்டலும் வேண்டும். அந்த மலையின் இருபுறமும் காணிக்காரர் வாழ்கின்றனர். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டமும் வட்டமும் குறிக்கப்பட்டுள்ளன. மனிதரையே வட்ட எல்லையால் வரையறுக்கும் நிர்வாகம் யானையை மாநில எல்லையால் எண்ணுவதில் வியப்பில்லை. காணிக்காரர்களுக்கு முகட்டின் இரு பக்கமும் ஒரே காடு என்பது எந்த ஆய்வகமும் இல்லாமல் தெரிந்த செய்தி. கூட்டுக் கணக்கெடுப்பு வந்தால் முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். வழிகாட்டிகளாக மட்டும் அல்லாமல், கணக்கில் கையொப்பமிடுபவர்களாக.

எனவே நான் கேட்பவை நான்கு.

1. அடுத்த கணக்கெடுப்பு வெளியாகும்போது மாநிலவாரி அட்டவணைக்குப் பக்கத்திலேயே கணவாய்வாரியான அட்டவணையும் வேண்டும். செங்கோட்டைக்குத் தெற்கே உள்ள திரளுக்கு, இரு மாநிலங்களும் சேர்ந்து ஒப்பிய ஒரே எண் அதில் இருக்க வேண்டும்.

2. பிடிக்கப்படும் ஒவ்வொரு காட்டு யானையின் குருதி மாதிரியும் பகுப்பாய்ந்து பதியப்பட வேண்டும். ஒரு கணவாயைக் கடந்து விடுவதாயின் மரபணுவியலாளரின் எழுத்து மூலமான கருத்து முன்கூட்டியே பெறப்பட்டு, வெளியிடப்பட வேண்டும். வளர்ப்பு யானைக்குக் கேட்பதைக் காட்டு யானைக்கும் கேளுங்கள்.

3. அகத்தியமலை யானைகள் காப்பகத்தின் மறுபாதியைக் கேரளம் அறிவிக்க வேண்டும். ஆரியங்காவுக் கணவாயில் எந்தக் கட்டுமானம் வந்தாலும், இருபுறத் திரள்களின் தொடர்பையும் அது என்ன செய்யும் என்பது மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

4. இது நமக்கு. நாம் வழிகாட்டும், திருத்தும், எழுதும் எந்தக் கட்டுரையிலும் மரபணுத் திரளை ‘இனம்’ என்று எழுதாதிருப்போம். செலவில்லாத கோரிக்கை, இன்றே தொடங்கலாம்.

உயிரியல் நண்பர்கள் மேற்சொன்னவற்றில் தரவுப் பிழை கண்டால் சான்றோடு திருத்துங்கள், பதிவிலேயே மாற்றிவிடுகிறேன். மொழித்துறை நண்பர்கள், ‘இதில் நமக்கென்ன’ என்று கேட்க வேண்டாம். கோடு எங்கே விழுகிறது என்று தரவிடம் கேட்பதும், கேட்டதற்குச் சரியான சொல் தேடுவதும் நம் தொழில். அட்டவணையைப் பகிர்ந்து மாநிலப் பெருமை பேசியோர்க்கு ஒரே வேண்டுகோள்: அந்த 3,136இலும் 2,785இலும் செங்கோட்டைக்குத் தெற்கே எத்தனை என்று உங்கள் வனத்துறையிடம் எழுதிக் கேளுங்கள். இரு மாநிலங்களிலிருந்தும் வரும் விடைகளை இந்தப் பதிவின் கீழே இடுங்கள். கூட்டிப் பார்க்கும் வேலையை நான் செய்கிறேன்.